பொத்தான்: ஒரு சொல்லும் அதன் பல பொருளும்

முன்னுரை

சிறு பொருள்களைக் குறிக்கும் சொற்கள் ஆராய்ச்சியாளர் கண்ணில் எளிதிற் படுவதில்லை. அறம், வீரம், காதல் என்னும் சொற்களின் வரலாற்றை ஆராயப் பலர் முன்வருவர். நாள்தோறும் சட்டையில் மாட்டிக் கழற்றும் பொத்தானைப் பற்றி ஆராய்வது வேண்டாவினை என்று தோன்றக்கூடும். ஆயினும், ஒரு மொழி பிறநாட்டுப் பொருளை அதன் பெயரோடு எவ்வாறு ஏற்கின்றது, ஏற்ற பெயருக்குப் புதுப்பொருள்களை எவ்வாறு வழங்குகின்றது, அப்பொருள்கள் ஒன்றோடொன்று மயங்காவண்ணம் எவ்வாறு காத்துக்கொள்கின்றது என்னும் மூன்று வினாக்களுக்கும் இச்சிறு சொல் விடை தருகின்றது.

இச்சொல்லை ஈண்டு எடுத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. பொத்தான் என்பது சட்டையின் இரு புறத்தையும் இணைக்கும் வில்லையைக் குறிக்கும். மணியையும் விளக்கையும் பொறியையும் இயக்குதற்கு விரலால் அழுத்தும் குமிழையும் குறிக்கும். இச்சொல்லின்மீது இருவகைக் குறை கூறப்படுவதுண்டு. அயன்மொழியிலிருந்து வந்தமையின் தள்ளத்தக்கது என்பது ஒன்று. இருவேறு பொருள்களைக் குறித்தலின் மயக்கம் தருவது, ஆதலின் அறிவியலுக்கு ஆகாது என்பது மற்றொன்று. முதற் குறையை மறுக்கப் புகுந்தோர் சிலர், இது தமிழ்ச் சொல்லே என்று காட்டவும் முயல்வர். இக்கூற்றுகள் எத்துணைப் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் பிறப்பு

பொத்தான் தமிழ்ச் சொல் என்பார் இருவகையாகப் பொருள் கூறுவர். பொத்துதல் என்பது மூடுதல். வாயைப் பொத்தினான், காதைப் பொத்தினான் என்பன வழக்கு. சட்டையின் திறப்பை மூடுதலின் பொத்தான் ஆயிற்று என்பது ஒரு விளக்கம். பொத்தல் என்பது துளை. துளையில் நுழைதலின் பொத்தான் ஆயிற்று என்பது பிறிதொரு விளக்கம். பொத்து என்னும் அடி தமிழில் மிகப் பழமையானது என்பதில் ஐயமில்லை. மூடுதல், மரப்பொந்து, குறை முதலிய பொருள்களை அது தரும். வள்ளுவரும் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தில் குறை என்னும் பொருளில் இச்சொல்லை ஆண்டுள்ளார். ஆயினும் அடி பழமையானது என்பது ஒன்று. அவ்வடியிலிருந்தே பொத்தான் பிறந்தது என்பது வேறு. முன்னதை நிறுவுதல் பின்னதை நிறுவுதல் ஆகாது.

இவ்விரு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்பதை முதற்கண் காணல் வேண்டும். மூடுவதும் பொத்தான், துளையால் பெயர்பெற்றதும் பொத்தான் என்றால், ஓசை ஒப்புமை ஒன்றே இவ்விளக்கங்களுக்கு அடிப்படை என்பது போதரும். சொல்லமைப்பை நோக்கினும் இடர்ப்பாடு உண்டு. பொத்து என்னும் பகுதியோடு ஆன் என்பது சேரின், உண்ணான், செய்யான் என்பனபோல, பொத்தமாட்டான் என்னும் எதிர்மறை வினைமுற்றே முதலில் தோன்றும். மூடுதற்கென்றே அமைந்த பொருளுக்கு மூடமாட்டான் என்று பெயரிடுவார் இலர். தட்டான், ஓணான், பூரான் என அஃறிணைப் பெயர்களிலும் இவ்வீறு வருதலின், இவ்வமைப்பு ஒன்றையே கொண்டு முடிவு கூறலும் ஆகாது. முடிவு கூறுதற்குப் பிறமொழிகளின் சான்று வேண்டும்.

அச்சான்று தெளிவாக உள்ளது. போர்த்துக்கீசிய மொழியில் இப்பொருளின் பெயர் போத்தாவ் என்பது; அதன் ஈற்றுயிர் மூக்கொலியோடு கூடியது. தெலுங்கில் பொத்தாமு, வங்காளியில் போதாம், சிங்களத்தில் பொத்தம, மலாய் மொழியில் பூத்தாங், சப்பானிய மொழியில் போத்தன் என இச்சொல் வழங்குகின்றது. இவற்றுள் தெலுங்கு ஒன்றே தமிழோடு ஓரினமானது. ஏனைய மொழிகள் பொத்து என்னும் தமிழடியிலிருந்து இச்சொல்லைப் பெற்றன எனல் பொருந்தாது. போர்த்துக்கீசியர் கலம் செலுத்திச் சென்ற துறைகளை ஒரு படத்திற் குறித்தால், இச்சொல் வழங்கும் நாடுகளின் படமும் அதுவேயாகும். தமிழிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டு சென்றனர் என்று கூறவும் இடமில்லை. அவர்கள் 1498 இல் கோழிக்கோட்டுக் கரையை அடைவதற்கு நெடுங்காலம் முன்னரே, பழைய பிரெஞ்சு மொழியிலும் ஆங்கிலத்திலும் இச்சொல்லின் இனச்சொற்கள் வழங்கின.

தமிழர்க்கும் போர்த்துக்கீசியர்க்கும் இருந்த தொடர்பின் ஆழத்தை அறிஞர் நன்கு அறிவர். 1578 இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியது. 1679 இல் அம்பலக்காட்டில் தமிழ்ச் சொற்களுக்குப் போர்த்துக்கீசியப் பொருள் கூறும் அகராதி அச்சிடப்பெற்றது. சாவி, அலமாரி, மேசை, சன்னல், பாதிரி, ஏலம், அலவாங்கு என்னும் சொற்கள் அத்தொடர்பால் வந்தவை. ஈழத்தில் ரொட்டியைக் குறிக்கும் பாண் என்னும் சொல்லும் அத்தகையதே. மூக்கொலி ஈற்றைத் தமிழர் எவ்வாறு ஏற்றனர் என்பதற்குக் கப்பித்தான், பாண் என்பன நல்ல சான்றுகள். பொத்தான் அவற்றோடு ஒத்து நிற்கின்றது.

பேச்சு வழக்கிலுள்ள பித்தான் என்னும் வடிவமும் கருதத்தக்கது. பொத்து என்னும் அடியோடு இச்சொல்லுக்கு உறவு உண்டு என்ற உணர்வு மக்கள் உள்ளத்தில் இருந்திருப்பின், முதலெழுத்தை அவர்கள் இவ்வாறு மாற்றியிரார். பிள்ளை என்பதைப் புள்ளை என்றும், பிடி என்பதைப் புடி என்றும் கூறுவது பேச்சு வழக்கு. கற்றோர் அதனைத் திருத்திப் பிள்ளை, பிடி என்பர். அத்திருத்தத்தின் போக்கிலேயே புத்தான் எனக் குறுகி ஒலித்த சொல்லையும் பித்தான் என்று திருத்திக்கொண்டனர் எனக் கருத இடமுண்டு. திருத்த வேண்டாததைத் திருத்தியதால் ஒரு புதுவடிவம் பிறந்தது.

ஆகவே, பொத்தான் தமிழடியிற் பிறந்த சொல் அன்று. பிறப்பைத் தமிழாக்கி அதனைக் காக்க முயல்வோர் நல்லெண்ணத்தால் தூண்டப்பெற்றவரே. எனினும் மெய்யல்லாத சான்றால் காக்கப்படும் சொல், அச்சான்று வீழும்போது தானும் வீழும். அதனைக் காத்தற்கு வேறு நல்ல சான்று உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

அரும்பு முதல் பொறி வரை

போர்த்துக்கீசிய மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் இச்சொல் பொத்தானை மட்டும் குறிப்பதன்று. அரும்பு என்பதும் அதன் பொருள். இவற்றின் மூலமாகிய பழைய பிரெஞ்சு வினைக்குத் தள்ளுதல், முட்டுதல் என்பன பொருள். கிளையிலிருந்து முட்டிக்கொண்டு வெளிவருவது அரும்பு. அரும்புபோல் உருண்டு துணியின்மேல் புடைத்து நிற்பது பொத்தான். பிரெஞ்சில் முகத்தில் எழும் பருவையும் இச்சொல்லே குறிக்கும். வடிவ ஒப்புமை காரணமாக ஒரு சொல் அரும்பிலிருந்து அணிக்கும் உடலுக்கும் சென்றமையை இங்குக் காண்கின்றோம்.

பொத்தானும் அதற்கேற்ற துளையும் சேர்ந்து ஆடையை இறுக்கிப் பிடிக்கும் முறை ஐரோப்பாவில் 13 ஆம் நூற்றாண்டளவில் பரவியது. பின்னர்க் கதவிலும் கருவியிலும் புடைத்து நிற்கும் குமிழுக்கும் இப்பெயர் சென்றது. மின்மணி வழக்கிற்கு வந்தபின், வாயிலருகே பதித்த குமிழை அழுத்தி உள்ளிருப்போரை அழைக்கும் முறை 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகியது. 1888 இல் ஈஸ்ட்மன் என்பார் கோடக் என்னும் ஒளிப்படக் கருவியை விற்கத் தொடங்கியபோது, பொத்தானை அழுத்துவது ஒன்றே வாங்குவோர் செய்யவேண்டிய வேலை என்று விளம்பரம் செய்தார். அன்று தொட்டு ஆங்கிலத்தில் இச்சொல் எளிமைக்கும் ஓர் உருவகமாயிற்று. இன்று தொலைபேசித் திரையில் வரையப்பெற்ற சிறு கட்டத்தையும் பொத்தான் என்கின்றோம். அது புடைத்து நிற்பதும் இல்லை. அழுத்தினால் உள்ளே செல்வதும் இல்லை. வடிவம் போய்விட்டது, தொழில் மட்டும் எஞ்சி நிற்கின்றது.

எனவே இச்சொல்லின் பொருள் வரலாற்றில் இரு படிகள் உள. அரும்பிலிருந்து சட்டைக்கும், சட்டையிலிருந்து குமிழுக்கும் சென்றது வடிவத்தால். குமிழிலிருந்து திரைக்குச் சென்றது தொழிலால். தமிழ் இச்சொல்லை ஏற்றபோது நடுப்படியில் நின்ற ஆடைப்பொருளை மட்டுமே ஏற்றது. அரும்பு என்னும் பொருள் தமிழுக்கு வேண்டப்படவில்லை. அரும்பு, மொட்டு, முகை, போது எனப் பூவின் பருவங்களை வேறுபடுத்திக் கூறும் சொற்கள் தமிழில் நிறைந்திருந்தன. பொறியின் குமிழ் என்னும் பொருள் பின்னர் ஆங்கிலத்தின் வழியாக வந்து இச்சொல்லின்மேல் ஏறியது.

இங்கு ஒரு வியப்பான செய்தி உண்டு. நீலகிரி முதலிய குளிர்ந்த மலைகளில் வளர்க்கப்படும் வெண்ணிறக் காளான் வகை ஒன்றுக்கு ஆங்கிலத்தில் பொத்தான் காளான் என்று பெயர். தமிழில் அதனை மொட்டுக்காளான் என்கின்றனர். பொத்தான் என்னும் சொல்லின் முதற்பொருள் மொட்டு என்பதை ஆராய்ந்து இப்பெயரை இட்டனர் என்று கருத வேண்டியதில்லை. பொருளைக் கண்ணால் நோக்கினர், மொட்டுப்போல் இருந்தது, மொட்டு என்றனர். மொழிபெயர்ப்பில் சொல்லை நோக்காது பொருளை நோக்கினால், சொல்லின் வேர்ப்பொருளும் தானே வந்து வாய்க்கும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

தையற்கடையிற் பொத்தான்

தைத்த ஆடையைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். முல்லைப்பாட்டில் யவனர் அணிந்த மெய்ப்பை குறிக்கப்பெறுகின்றது. ஆயினும் பொதுமக்கள் உடை பெரும்பாலும் சுற்றி உடுப்பதும் முடிந்து செருகுவதுமாகவே இருந்தமையின், முடிச்சும் நாடாவும் கச்சும் பெற்ற இடத்தைப் பொத்தான் பெறவில்லை. புதுவகைச் சட்டை பரவியபோதே பொத்தானுக்கும் பெயர் வேண்டியதாயிற்று.

தையற்கடையிற் சென்று கேட்டால், பொத்தானோடு இணைபிரியாத மற்றொரு சொல்லும் கிடைக்கும். பொத்தான் நுழையும் துளைக்குக் காஜா என்று பெயர். துளையின் விளிம்பை நூலாற் கட்டுவதைக் காஜா எடுத்தல் என்பர். கடையில் தொழில் பழகும் சிறுவனுக்குக் காஜாப் பையன் என்ற பெயரும் இதனால் வந்ததே. இந்தியிலும் மராத்தியிலும் பொத்தான்துளையைக் காஜ் என்பர். இது போர்த்துக்கீசியச் சொல்லாகிய காசா என்பதன் திரிபு. காசா என்பதற்கு வீடு என்பது பொருள்; பொத்தான்துளைக்கும் அம்மொழியில் அதுவே பெயர். பொத்தான் குடிபுகும் வீடு துளை என்பது அவர்தம் கற்பனை. பொத்தானும் அதன் வீடும் ஒரே நாட்டிலிருந்து வெவ்வேறு வழியாகத் தமிழகத்துத் தையற்கடைக்கு வந்து சேர்ந்துள்ளன. ஆனால் ஊசி, நூல், தையல், பட்டி, மடிப்பு என்பன தமிழாகவே நிற்கின்றன. தெரிந்த தொழிலின் சொற்களை விடாது பற்றிக்கொண்டு, புதுப்பொருளின் பெயரை மட்டும் ஏற்ற முறையை இங்குக் காண்கின்றோம்.

அண்டை மொழிகள் இவ்விடத்தில் வேறு வழிகளையும் கண்டன. கன்னடத்தில் பொத்தானைக் குண்டி என்பர். அம்மொழியில் பள்ளத்தைக் குறிக்கும் சொல்லும் அவ்வொலியினதே. பொறியின் குமிழை அழுத்துவதற்கும் அதனையே வழங்குவர். மலையாளத்தில் குடுக்கு என்பர். கண்ணி, முடிச்சு என்னும் பொருளும் அதற்குண்டு. தெலுங்கில் சட்டையிலுள்ளது பொத்தாமு. அழுத்தி இயக்குவது மீட்ட. இந்தோனேசிய மொழியில் சட்டைப் பொத்தான் ஒரு சொல்லாலும், அழுத்தும் பொத்தான் வேறு சொல்லாலும் குறிக்கப்படுகின்றன. ஆகவே ஒரு பெயரால் இரண்டையும் குறிக்கும் மொழிகளும் உள. இரு பெயரால் பிரிக்கும் மொழிகளும் உள. முன்னவை குழப்பமுற்றுக் கிடக்கின்றன என்று கூற எவரும் துணியார். அம்மொழிகள் பொருளைத் தெளிவிப்பது எங்ஙனம்? தமிழைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடை தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது.

பொருளைப் பிரிப்பது வினை

தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் பலபொருள் குறித்த ஒருசொல்லை இருவகையாக வகுத்தார். வினையால் வேறுபடும் பலபொருள் ஒருசொல் என்பது ஒன்று; வினையால் வேறுபடாத பலபொருள் ஒருசொல் என்பது மற்றொன்று. முதல்வகைச் சொல்லின் பொருள், அது கொள்ளும் வினையாலும், அதனோடு சேர்த்து எண்ணப்படும் இனத்தாலும், சொல்லப்படும் சார்பாலும் தெளிவாகும் என்றார். இரண்டாம் வகைச் சொல்லைப் பொருள் விளங்குமாறு வெளிப்பட எடுத்துரைத்தல் வேண்டும் என்றார். உரையாளர் மா என்னும் சொல்லைக் கொண்டு இதனை விளக்குவர். பூத்தது என்றால் மரம். ஓடிற்று என்றால் விலங்கு. மருதமரத்தோடு சேர்த்துக் கூறினால் இனத்தால் மரம் என்பது விளங்கும். கவசம் பூண்டு நிற்பவன் மா கொண்டுவா என்றால் சார்பால் குதிரை என்பது விளங்கும். மா வீழ்ந்தது என்றால் மரமும் வீழும், விலங்கும் வீழும். ஆதலின் மாமரம் என்றேனும் வேறு அடைகொடுத்தேனும் கூறுதல் வேண்டும்.

இம்முறையைப் பொத்தானுக்குப் பொருத்திப் பார்ப்போம். சட்டைப் பொத்தானைப் போடுகின்றோம், மாட்டுகின்றோம், கழற்றுகின்றோம், அவிழ்க்கின்றோம், தைக்கின்றோம். பொறியின் பொத்தானை அழுத்துகின்றோம், அமுக்குகின்றோம், தட்டுகின்றோம். பொத்தானை மாட்டு என்று கேட்டவன் மின்தூக்கியை நாடிச் செல்லான். பொத்தானை அழுத்து என்று கேட்டவன் தன் சட்டையைத் தொடான். பெயர் ஒன்றாயினும் வினை இரண்டாதலின் பொருள் மயங்குவதில்லை. ஊசியும் நூலும் பொத்தானும் என்று எண்ணினால் இனத்தால் விளங்கும். மின்தூக்கியில் நின்று பேசினால் சார்பால் விளங்கும்.

இனி, மயங்கும் இடமும் உண்டு. பொத்தான் உடைந்தது, பொத்தான் தேய்ந்தது, பொத்தான் கழன்று விழுந்தது என்னும் தொடர்களில் வினை இருபொருளுக்கும் பொது. இங்குத் தொல்காப்பியர் கூறியவாறு வெளிப்பட உரைத்தல் வேண்டும். சட்டைப் பொத்தான், மணிப் பொத்தான், அழுத்துபொத்தான் என அடைகொடுத்தால் மயக்கம் தீரும். இவற்றுள் அழுத்துபொத்தான் என்பது வினைத்தொகையாய், தமிழ் இயல்புக்கு முற்றும் பொருந்தி நிற்கின்றது.

இதனால் இரண்டாம் குறைக்கு விடை கிடைக்கின்றது. ஒருசொல் பலபொருள் குறித்தல் சொல்லின் குற்றம் அன்று; மொழியின் இயல்பு. அதனைத் தெளிவிக்கும் பொறுப்பைத் தமிழ் பெயரின்மேல் மட்டும் சுமத்தாது, வினைக்கும் பகிர்ந்து அளித்துள்ளது. பொருள்தோறும் ஒரு பெயர் வேண்டும் என்று கருதி, பெயர்ப்பட்டியலாகவே கலைச்சொற்றொகுதியை அமைப்போர் இதனை எண்ணிப்பார்த்தல் நலம். பெயரை மட்டும் தந்து, அது கொள்ளும் வினையைத் தாராத தொகுதி பாதி வேலையே செய்ததாகும்.

மாற்றுச் சொற்களின் நிலை

பொத்தானுக்கு மாற்றாகக் கூறத்தக்க சொற்களையும் ஈண்டு ஆராய்தல் வேண்டும். ஈழத்தில் சட்டைப் பொத்தானைத் தெறி என்பர். விரலால் சுண்டுதல், நாணைத் தெறித்தல் முதலிய வினைகளோடு உறவுடைய நல்ல தமிழ்ச் சொல் இது. ஈழத்தார் வழக்கில் உயிரோடு இருத்தலின் அகராதியில் இதற்குச் சிறப்பிடம் தருவது கடமை. ஆயினும் தமிழகத்தில் இப்பெயர் இப்பொருளில் பெருவழக்குப் பெறவில்லை. இக்கால இளைஞர் இதனை ஒன்றைப் புகழ்ந்துரைக்கும் சொல்லாகவே வழங்குகின்றனர். வழங்காத இடத்தில் ஆணையிட்டு ஒரு சொல்லை நடமாடச் செய்தல் எளிதன்று.

அழுத்தும் பொத்தானுக்கு விசை என்பதைக் கூறுவர் சிலர். செறிவும் அழகும் உடைய சொல்லே இது. ஆனால் இயற்பியல் நூல்களில் பொருளை இயங்கச் செய்யும் ஆற்றலின் பெயர் விசை. வேகம் என்னும் பொருளிலும் அது வழங்கும். தட்டச்சுப் பொறியின் எழுத்துக் கட்டைக்கும் விசை என்றே பெயர். 1999 இல் தமிழ்99 என்னும் தட்டச்சு முறை வரையறுக்கப்பெற்றபின் விசைப்பலகை என்னும் சொல் கணிப்பொறி பயில்வோரிடம் நன்கு ஊன்றியது. மின்னிணைப்பைத் திறந்து மூடும் கருவிக்கும் இதனையே வழங்குவர். ஒரே வகுப்பில் ஆசிரியர், விசையை அழுத்துதற்கு வேண்டும் விசை யாது என்று கேட்க நேரின், மாணாக்கன் நிலை இரங்கத்தக்கது. இருபொருள் மயக்கத்துக்கு அஞ்சிப் பொத்தானை விட்டோர், நாற்பொருள் மயக்கத்துள் வீழ்கின்றனர். அன்றியும் இம்மயக்கம் முன்னதைவிடக் கொடியது. சட்டையும் மின்தூக்கியும் ஒரு வாக்கியத்துள் சந்திப்பது அரிது. இயற்பியலும் பொறியும் சந்திப்பது இயல்பு.

இங்குப் பிறிதொரு பிழையையும் சுட்டவேண்டும். ஆங்கிலத்தில் சுவிட்சு என்பதும் பொத்தான் என்பதும் வேறு. சுவிட்சு என்பது தொழிற்பெயர் போன்றது; மின்னோட்டத்தின் வழியைத் திறந்து மூடும் கருவி எதுவாயினும் சுவிட்சே. பொத்தான் என்பது வடிவத்தாற் பெற்ற பெயர். விரலால் அழுத்தப்படும் உறுப்பு மட்டுமே பொத்தான். வீட்டுச் சுவரில் கீழ்நோக்கித் தள்ளினால் விளக்கெரியும் நெம்புவகை சுவிட்சு பொத்தான் அன்று. மாறாக, கழனியில் நீரிறைக்கும் மின்பொறியின் தொடக்கியில் பச்சையும் சிவப்புமாக உள்ளவை பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் பொறி ஓடும். மற்றொன்றை அழுத்தினால் நிற்கும். மொழிபெயர்ப்போர் இரண்டுக்கும் ஒரே சொல்லை இடுதல் பொருளறியாமையின் விளைவு. ஈழத்துப் பாடநூல்களில் சுவிட்சுக்கு ஆளி என்னும் சொல் வழங்குகின்றது. மின்னை ஆள்வது என்னும் கருத்தில் அமைந்த இச்சொல், விசை தரும் மயக்கத்தைத் தாராது. யாளியையும் ஆளிவிதையையும் அது நினைப்பூட்டலாம். ஆயின் அவை மின்னியலில் புகுவன அல்ல. தமிழகமும் இதனை எண்ணிப்பார்க்கலாம்.

பேச்சுத்தமிழ் இவ்வேறுபாட்டை முன்னரே உணர்ந்துள்ளது. விளக்கைப் போடு, விசிறியைப் போடு, மோட்டாரைப் போடு என்பர் மக்கள். கருவியின் பெயரையே விட்டுவிட்டு, பயனின் பெயரோடு போடு என்னும் வினையைச் சேர்த்து முடித்துக்கொள்கின்றனர். சட்டையில் பொத்தானைப் போடு என்னும்போது பொத்தான் செயப்படுபொருளாய் நிற்கும். விளக்கைப் போடு என்னும்போது பொத்தான் மறைந்து நிற்கும். இவ்வாறு வினையின் ஆட்சியால் பொருளை வரையறுக்கும் திறத்தைக் கலைச்சொல் ஆக்குவோர் மக்களிடமிருந்து கற்கலாம்.

அயற்சொல் என்னும் குறை

இனி முதற்குறைக்கு வருவோம். பொத்தான் அயற்சொல்லே. ஆயினும் நூற்றாண்டுகளாகத் தமிழில் வாழ்ந்து, தமிழ் எழுத்தாலன்றிப் பிற எழுத்தால் எழுதப்படாது, தமிழ் முதலும் ஈறும் பெற்று, பொத்தானை, பொத்தானில், பொத்தான்பட்டி என வேற்றுமையும் தொகையும் ஏற்றுள்ளது. அயற்சொல்லைத் தமிழ் எழுத்துக்கு இயைய வழங்குதல் நம் இலக்கணத்தார் உடன்பட்ட நெறியே.

அதனினும் கருதத்தக்கது இன்றைய போட்டி. நகரங்களில் பொத்தான் என்பார் அருகி, பட்டன் என்பார் பெருகிவிட்டனர். பொத்தானை அயலென்று தள்ளினால், அவ்விடத்தில் தெறி வந்து அமரும் என்று எண்ணுதல் வழக்கறியாதார் எண்ணம். வெற்றிடத்தைப் பற்றிக்கொள்ளக் காத்து நிற்பது பட்டன். அஃது ஆங்கில ஒலியோடு அண்மையில் வந்தது. புலவனையும் அருச்சகனையும் குறித்து முன்னரே வழங்கும் பட்டன் என்னும் பெயரோடு எழுத்தால் மயங்குவது. பழைய விருந்தினனை வெளியேற்றிப் புதிய விருந்தினனுக்கு இடம் தருதலைத் தமிழ்த்தொண்டு என்று கூறுதல் இயலாது.

இது புலவர் பொழுதுபோக்கும் ஆராய்ச்சி அன்று. 1982 இல் கேரளத்துப் பறவூர்த் தொகுதியில் முதன்முதல் பயன்படுத்தப்பெற்ற மின்னணு வாக்குப்பொறி, 2004 மக்களவைத் தேர்தலில் நாடெங்கும் பயன்பட்டது. வேட்பாளர் பெயருக்கும் சின்னத்துக்கும் எதிரே உள்ள நீலநிறப் பொத்தானை அழுத்துவதே இன்று வாக்களித்தல். எழுதப் படிக்க அறியாத முதியவளுக்கும் அறிவிப்பு ஒரு நொடியில் விளங்குதல் வேண்டும். பொத்தானை அழுத்துக என்றால் விளங்கும். விசையை இயக்குக என்றால் அவள் திகைப்பாள். அத்திகைப்பு அவள் உரிமைக்கு இடையூறு ஆகும். மருத்துவமனைக் கட்டிலருகே உள்ள அழைப்புமணிக்கும், கழனியிலுள்ள தொடக்கிக்கும் இஃது ஒக்கும். சொல்லின் தூய்மையை அளக்கும்போது, அச்சொல்லை நம்பி விரலை நீட்டுவோரையும் நினைத்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படும். பொத்தான் போர்த்துக்கீசியச் சொல்லின் தமிழ் வடிவம். பொத்து என்னும் அடியோடு அதற்குள்ளது ஓசை ஒப்புமையே. அதன் இருபொருளும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் விளங்குதலின், அது தொல்காப்பியர் வகுத்த முதல்வகைப் பலபொருள் ஒருசொல்லாகும். வினை பொதுவாய் நிற்குமிடத்து அடைகொடுத்தல் வேண்டும். சுவிட்சு என்பதனைப் பொத்தானோடு மயக்காது, ஆளி போன்ற தனிச்சொல்லால் வழங்குதல் நலம். அகராதியும் கலைச்சொற்றொகுதியும் பெயரைத் தருமிடத்து அது கொள்ளும் வினைகளையும் உடன்தருதல் வேண்டும்.

பொத்தானின் பிறப்பை மறைக்கவும் வேண்டா. பிறப்பைக் காட்டி அதனைத் தள்ளவும் வேண்டா. வந்த சொல் நம் வினைகளோடு கூடி நம் பொருளைக் கூறுமாயின், அது நம் சொல்லே. துளையில் நுழைந்து இரு துணியையும் இணைத்து நிற்கும் வரையில், சட்டையில் உள்ள பொத்தான் எந்நாட்டில் செய்யப்பட்டது என்று எவரும் வினவுவதில்லை.